ஒன்று புள்ளி எட்டு

“சரியா எவ்ளோன்னு பாத்துச் சொல்லேன்டா. அம்மா உயிரை எடுக்கறா,” என்றாள் அக்கா. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். மூடமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பையை முழங்காலால் அமுக்கி, அதன் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குறைமாதக் குழந்தைகள் வார்டை ஒட்டித் தாய்மார்களுக்கென்று ஒதுக்கிய அறை அது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுற்றுவதைவிட முனகுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு மின்விசிறி. முப்பத்தோரு நாள் மருத்துவமனை வாசத்தில் அக்கா அந்த மின்விசிறியோடு சண்டைகூடப் போட்டுச் சமாதானமாகியிருந்தாள். இன்று பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். இப்போது மணி ஒன்பது நாற்பது. கண்ணாடித் தொட்டிலில் என் மருமகள், உலகத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். பெயர் இன்னும் வைக்கவில்லை. வார்டில் அவள் பெயர் ஏழு. தொட்டில் எண் ஏழு.

“அதான் போர்டுல இருக்கேக்கா. ஒண்ணு புள்ளி எட்டு கிலோ.”

“போர்டுல நேத்தும் அதான் இருந்துச்சு. முந்தாநாளும் அதான். இவ என்ன ரேடியோ ஸ்டேஷனா, ஒரே நம்பர்ல உக்காந்திருக்க? பின்னாடி இன்னும் ரெண்டு மூணு நம்பர் இருக்கும்ல? நீதானே அந்த டிபார்ட்மென்ட்டு?”

நான்தான் அந்த டிபார்ட்மென்ட்டு. இந்த மருத்துவமனையில் யார் உயிரையும் காப்பாற்றாமல் சம்பளம் வாங்கும் மூன்று பேர் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்து அறையில், கணினிகளோடு உட்கார்ந்திருக்கிறோம். அதில் வயதில் இளையவன் நான். தரவுத்தளத்தில் எண்கள் குளிக்காமல், தலைவாராமல், பிறந்த கோலத்தில் கிடக்கும். அவற்றைக் கேள்வி கேட்டு எழுப்பி, தலைவாரி, பவுடர் போட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு லட்சணமாகத் திரையில் நிறுத்துவது என் வேலை. கல்லூரியில் நான்கு வருடம் படித்ததன் பலன் இது என்று என் அப்பாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

வார்டு வாசலில் தொங்கும் போர்டும் என் கைவண்ணம்தான். காலை ஆறு மணிக்கு நர்ஸ் ஒவ்வொரு குழந்தையையும் தராசில் வைத்து ஒரு பொத்தானை அழுத்துவார். எடை நேராகத் தரவுத்தளத்துக்குப் போய்விடும். முன்பு தொட்டிலோடு ஓர் அட்டை கட்டி அதில் எழுதுவார்கள். நவீனமாகிவிட்டோம் என்று அட்டையை ஒழித்துவிட்டோம். போர்டு வந்த புதிதில் எடையை அப்படியே காட்டினோம், புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கத்தோடு. தினமும் போர்டுக்குக் கீழே தாய்மார்கள் தலையை அண்ணாந்து நிற்பார்கள். ஐந்து கிராம் குறைந்தால் ஓர் அழுகை. பத்து கிராம் குறைந்தால் அழுகையோடு மாமியாருக்கு ஒரு போன். ஐந்து கிராம் என்பது குழந்தை ஒரு தடவை டயபரை நனைத்தால் போகிற எடை. தலைமை நர்ஸ் ஒருநாள் படி இறங்கி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். “ஒரு நம்பர் போதும் தம்பி. மூணு நம்பர் போட்டு ஏன் இந்தப் பொண்ணுங்களைக் கொல்றீங்க?” என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மதியம், டீ வருவதற்குள், வேலையை முடித்தேன். TO_CHAR என்று ஒரு கட்டளை இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். எப்படித் தெரிய வேண்டும் என்று ஓர் அச்சையும் கூடவே கொடுக்க வேண்டும். நான் கொடுத்த அச்சு, புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கம், பின்னால் ஓர் இலக்கம். மிச்சத்தை அது தானே கிட்டத்தட்ட என்று முழுதாக்கிவிடும். அழுகை அன்றோடு நின்றது. தலைமை நர்ஸ் எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தார். பதினோரு மாதமாகிறது.

மடிக்கணினியைத் திறந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அச்சு, அலங்காரம் எதுவும் இல்லாமல் ஏழாம் தொட்டிலின் கடைசி நான்கு நாள் எடையைக் கேட்டேன். நான்கு வரி வந்தது.

1.842
1.811
1.779
1.753

முதலில் நான் தேதிகளைத் தலைகீழாக வரிசைப்படுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! குழந்தை ஏறிக்கொண்டல்லவா போயிருக்கும். தேதியைப் பார்த்தேன். இன்று காலை ஆறு பன்னிரண்டு: 1.753. சரியாகத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் வேலை சரியாக இருந்ததற்கு வருத்தப்பட்டேன்.

மூன்று நாளில் எண்பத்தொன்பது கிராம். நான்கு எண்ணையும் என் அச்சில் வார்த்தால் வருவது 1.8, 1.8, 1.8, 1.8.

தராசு கெட்டிருக்கலாம் என்று ஒரு நம்பிக்கை வந்தது. தராசைத் தினமும் ஒரு கிலோ உலோகக் குண்டை வைத்துச் சோதிப்பார்கள், அதுவும் பதிவாகும். எடுத்துப் பார்த்தேன். நான்கு நாளும் 1.000. இவ்வளவு நேர்மையான தராசை நான் பார்த்ததில்லை. அடுத்து, எண்பத்தொன்பது கிராம் ஒரு விஷயமா என்று என்னையே கேட்டேன். எனக்கு அது ஒரு விஷயமில்லை, நான் அறுபத்தெட்டு கிலோ. அவளுடைய கணக்கில் அது இருபதில் ஒரு பங்கு. என் உடம்பில் இருபதில் ஒரு பங்கு மூன்று நாளில் காணாமல் போனால் மூன்று கிலோவுக்கு மேல். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாள்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது, அது என் தலைக்குள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து உட்கார்ந்தது. குழந்தையை வீட்டுக்கு அனுப்ப வார்டில் இரண்டு விதி. எடை 1.8 கிலோ இருக்க வேண்டும். மூன்று நாளாகக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் போர்டில் பச்சை டிக் விழும், டிஸ்சார்ஜ் தாளும் தானாக அச்சாகும். அந்தச் சோதனையை எழுதியதும் நான்தான். புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, ஏற்கெனவே தலைவாரி நிறுத்தியிருந்த எடையையே எடுத்து ஒப்பிட்டுவிட்டேன். எண்ணைக் கூட்டலாம், கழிக்கலாம், ஏறியதா இறங்கியதா என்று கேட்கலாம். எண்ணின் சாயலில் இருக்கும் எழுத்தைப் பார்க்கத்தான் முடியும். நேற்றைய 1.8ஐயும் இன்றைய 1.8ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றேதான், குறையவில்லை என்று கணினி மனசாட்சியோடு சொல்லியிருக்கிறது.

“என்னடா, எவ்ளோ?” உள்ளிருந்து அக்காவின் குரல்.

“நெட்வொர்க் ஸ்லோவா இருக்குக்கா.”

சீனியருக்குப் போன் போட்டேன். எங்கள் அறையின் மூத்தவர். இன்று விடுப்பில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் யாரோ பல் தேய்க்கும் சத்தம் நின்றது.

“எத்தனை பேருக்குத் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான் சார்.”

“அப்ப யாருக்கும் தெரியாது.” நான் மனிதக் கணக்கில் வரமாட்டேன் என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். “கேளு. சத்தம் போடாம அச்சை மாத்திடு. மூணு இலக்கம் வரட்டும். அஞ்சு நிமிஷத்துல போர்டு தானா புதுசாகும், டிக் தானா போயிடும். சிஸ்டமே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும். டாக்டர் பாப்பாங்க, நிறுத்துவாங்க. குழந்தையும் நல்லா இருக்கும், நாமளும் நல்லவங்களாவே இருப்போம்.”

“சார், அது எங்கக்கா குழந்தை.”

“அப்ப சீக்கிரம் மாத்து,” என்றார்.

மாற்றினேன். அச்சில் இரண்டு பூஜ்யம் கூடுதலாகச் சேர்க்க மூன்று விநாடி ஆனது. சோதனையையும் உண்மையான எண்ணோடு ஒப்பிடும்படி திருத்தினேன். அதற்கு நாற்பது விநாடி. பிறகு போர்டுக்கு எதிரே போய் நின்றேன். பத்து மணி ஐந்துக்குப் போர்டு ஒருதடவை கண்சிமிட்டியது. ஏழு – 1.753. பச்சை டிக் காணவில்லை.

நான் காத்திருந்தேன். சிஸ்டம் கண்டுபிடித்துவிட்டது, இனி யாராவது பார்க்க வேண்டியதுதான் பாக்கி. மருந்துத் தள்ளுவண்டியோடு ஒரு நர்ஸ் போர்டைக் கடந்து போனார். தரை துடைப்பவர் துடைப்பத்தைப் போர்டுக்குக் கீழேயே சாத்திவிட்டு நிம்மதியாகக் கொட்டாவி விட்டார். மூன்றாம் தொட்டிலின் அம்மா மட்டும் நின்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க கம்ப்யூட்டரா? போர்டு கெட்டுப்போச்சு பாருங்க. என்னென்னவோ நம்பரா வருது.”

“சரி பண்றேங்க,” என்றேன். பதினோரு மாதத்தில் போர்டு முதல்முறையாக உண்மை பேசியது, அதற்குப் புகாரும் வந்துவிட்டது.

பத்தே கால். லிஃப்ட் திறந்து அத்தான் வந்தார். அக்காவின் கணவர், தொழிலில் எலெக்ட்ரீஷியன், எதையும் இரண்டு முறை சோதிக்காமல் தொடமாட்டார். கையில் டிஸ்சார்ஜ் தாள். அதைக் குழல்விளக்கைப்போல் பதனமாகப் பிடித்திருந்தார்.

“கையெழுத்து வாங்கியாச்சு மாப்ள. ஒன்பதேகாலுக்கே டாக்டர் ரவுண்ட்ஸ்ல போட்டுட்டாங்க. காரை வாசல்லயே நிறுத்தியிருக்கேன். செக்யூரிட்டி திட்றான், திட்டிட்டுப் போகட்டும்.” தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “படி, படி. மூணு நாளா எடை குறையலைன்னு போட்டிருக்கான் பாரு.”

படித்தேன். எடை 1.8 கிலோ. மூன்று நாட்களாகக் குறைவு இல்லை. வாக்கியம் என்னுடையது. எழுத்துப்பிழைகூட இல்லை. கீழே டாக்டரின் கையெழுத்து, அதன் மேல் நீல முத்திரை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு புதிதாகும். தாள் ஆகாது. அந்தத் தாள் வாசலில் காட்டப்படும், கதவு திறக்கும், ஒரு பச்சைக்குழந்தை காரில் ஏறி, தராசு இல்லாத ஒரு வீட்டுக்குப் போய்விடும். அங்கே அவள் எடையை என் அம்மா கையில் தூக்கிப் பார்த்துச் சொல்வாள்.

அத்தான் இரண்டு பைகளையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு கீழே போனார். அக்கா குழந்தைக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டிருந்தாள். குல்லாய் பெரியது, கண்ணை மறைத்தது. குழந்தை அதற்கும் ஆட்சேபணை சொல்லவில்லை.

“பாரேன், குல்லாய் போட்டாக்கூட முழிக்கலை. வந்த புதுசுல என்னா கத்து கத்துவா. மூணு நாளா எவ்ளோ சமத்தாயிட்டா தெரியுமா? பால்கூட ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தூங்கிடறா,” என்றாள் பெருமையாக.

சிரித்து வைத்தேன். சிரித்துக்கொண்டே அறையைவிட்டு வெளியே வந்து, சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, தலைமை நர்ஸின் மேசைக்கு நடந்தேன். நடந்த தூரம் முப்பது அடி இருக்கும். சீனியர் சொன்னது, என் வேலை, வாடகை, அப்பா முகம் என்று வரிசையாக வந்தது. சொல்லாமல் இருக்க எல்லா வசதியும் இருந்தது. அக்கா நாளைக்கே ஏதாவது கவனித்துத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கொண்டுவராமலும் போகலாம். அந்த இரண்டுக்கும் நடுவில் அடித்துப் பிடித்து முழுதாக்க எந்த அச்சும் எனக்குத் தெரியவில்லை.

“சிஸ்டர், ஏழாம் நம்பரை அனுப்பாதீங்க.”

அவர் ஏதோ பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். “ஏன், அக்காவை விட்டுப் பிரிய மனசில்லையா?”

மடிக்கணினியை அவர் மேசையில், பதிவேட்டின் மேலேயே வைத்தேன். நான்கு வரிகள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வரியாக உதடு அசைந்தது. மூன்றாவது வரியில் பேனாவை மூடினார்.

“போர்டுல ஒண்ணு எட்டுதானே இருந்துச்சு.”

“நாலுமே ஒண்ணு எட்டாத்தான் தெரியும் சிஸ்டர். நான் அப்படி எழுதியிருக்கேன். குறைஞ்சிருக்கான்னு பாக்கறதும் அதை வச்சுத்தான். அதுவும் நான்தான்.”

“நான்தானே ஒரு நம்பர் போதும்னு கேட்டேன்,” என்றார். அடுத்த விநாடியே தலையை உலுக்கிக்கொண்டார். “சரி, யாரு தப்புங்கறதெல்லாம் அப்புறம். டாக்டருக்குப் போன் போடு. அந்த மேசைக்கு அடியில நம்பர் ஒட்டியிருக்கு. ஓடிப்போய்ச் சொல்லாதே, போன் போடு.”

அவர் மட்டும் ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல், முட்டிவலி உள்ளவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. போன் போட்டுவிட்டு நான் அறை வாசலுக்குப் போனபோது குல்லாய் கழன்றிருந்தது. தலைமை நர்ஸ் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை காலை இழுத்துக்கொண்டது, ஆனால் யோசித்து, ரொம்ப நேரம் கழித்து. மறுபடி சுண்டினார். வாயை விரலால் தொட்டுப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, பிறகு விட்டார். பிடித்த இடம் கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றது.

“என்ன சிஸ்டர்? வண்டி கீழ நிக்குது,” என்றாள் அக்கா. குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

“வண்டி நிக்கட்டும்மா.”

டாக்டர் வந்தார். உயரமான பெண்மணி, எப்போதும் அடுத்த அறைக்குப் போக வேண்டியவர்போல் நிற்பவர். இப்போது அப்படி நிற்கவில்லை. குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, சுவரைப் பார்த்தபடி, நான் மூச்சுவிட மறக்கும் அளவுக்கு நேரம் கேட்டார்.

“அழறாளா?”

“இல்ல டாக்டர். மூணு நாளா நல்ல பொண்ணா...” அக்காவின் குரல் நடுப்படியில் கால் தவறியதுபோல் நின்றது. டாக்டரின் முகத்தைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “டேய். எவ்ளோடா அவ வெயிட்டு?”

“ஒண்ணு ஏழு அஞ்சு மூணு.”

“நேத்து?”

சொன்னேன். முந்தாநாள் எடையையும் சொன்னேன். அதற்கு முந்தின நாளுடையதையும். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், கடைக்காரர் விலை சொல்லக் கேட்பதுபோல.

“அப்ப போர்டுல?”

“அது நான் எழுதினதுக்கா.”

அடிப்பாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அவள் அடிக்குக் கன்னத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் அடிக்கவில்லை. “முப்பத்தோரு நாள் கீழ்த்தளத்துல உக்காந்திருந்தியேடா. இன்னைக்குத்தான் உனக்கு எண்ணத் தெரிஞ்சுதா?” என்றாள். பிறகு தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, “நான் அம்மாகிட்ட சமத்துன்னு சொல்லிட்டிருந்தேன்,” என்றாள். அது எனக்குச் சொன்னது அல்ல.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டு மணி நேரத்தில் தெரியும், அதுவரை ஊசியைத் தொடங்கிவிடலாம் என்றார். தொட்டிலை மறுபடி வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். சக்கரம் ஒன்று கீச்சிட்டது. அக்கா கூடவே நடந்தாள், ஒரு செருப்போடு. இன்னொரு செருப்பு கட்டிலுக்கடியில் இருந்தது.

டாக்டர் என்னிடம் திரும்பினார். “நீங்க யாரு? குழந்தைக்கு மாமாவா, கம்ப்யூட்டர் ஆளா?”

“ரெண்டும்தான் டாக்டர்.”

“இது எத்தனை நாளா இப்படி?”

“பதினோரு மாசம்.”

நெற்றியை இரண்டு விரலால் தேய்த்தார். “இந்த டிக்கை நம்பி வீட்டுக்கு அனுப்பின குழந்தைங்க எல்லாம் யாரு, யாருக்கு உண்மையில எடை இறங்கியிருந்துச்சு, போன் நம்பரோட லிஸ்ட் வேணும். இன்னைக்கே.”

“தரேன் டாக்டர்.”

“அதுக்கு முன்னாடி குழந்தையோட அப்பாவைக் கூப்பிடுங்க. கையெழுத்து போடணும். போன்ல எல்லாத்தையும் கொட்டாதீங்க. மேல வரச் சொல்லுங்க, போதும்.”

வராந்தாவின் கோடியில் ஒரு ஜன்னல் இருந்தது. அங்கே போய் நின்று அத்தானின் எண்ணை அழுத்தினேன். மூன்று மாடிக்குக் கீழே, வெயிலில், கார் நான்கு கதவையும் விரித்துக்கொண்டு நின்றது. செக்யூரிட்டி ஏதோ சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தான் அவரைக் கவனிக்கவில்லை. பின்சீட்டில் தலையை நுழைத்து, ஒரு துண்டை விரித்து, சுருக்கம் நீவி, எழுந்து நின்று பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி குனிந்து நீவினார். என் காதில் மணி அடிக்கத் தொடங்கியது. அவருடைய போன் முன்சீட்டில் கிடந்திருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார். எடுக்கப் போவதற்கு முன், பின்கதவின் விளிம்பைக் கையால் பிடித்து, உள்ளே யாரோ தூங்குவதைப்போல, சத்தமே வராமல் மெதுவாகச் சாத்தினார்.